சின்னப் பாரிஷ்

பாரிஸில், எங்கள் தமிழ்ச் சனம் கூடுகிற லாச்சப்பலில் ஒரு காலத்தில் அவரை நம்பாதவர்கள் இல்லை. பிறகு ஒரு காலத்தில் நம்புகிறவர்கள் இல்லை. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் நின்றவள் நான். அவரைப் பற்றி எழுத எனக்கு எந்த உரிமையும் கிடையாது. தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பார்வைக்கு ஒன்றும் பெரிய ஆளில்லை. மெலிந்த உடம்பு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சேர்ட், மாரியோ கோடையோ ஒரே சாம்பல் நிறக் கம்பளி மேற்சட்டை. ஏதாவது கேட்டால் உடனே வாய் திறக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, சேர்ட் நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, பிறகுதான் மறுமொழி. அதற்குள் அவசரக்காரர்கள் தாங்களே மறுமொழியையும் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் மறிக்கமாட்டார்.

எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணை. தொழில் மொழிபெயர்ப்பு. ரயில் பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் கடைசி மேசைதான் அவருடைய கந்தோர். விசா அலுவல் பார்க்கிற பிரிபெக்சரிலிருந்து கடிதம் வந்தாலும் அவரிடம், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் அவரிடம். அகதி விசாரணைக்குப் போகிறவர்களை அவர்தான் தயார்படுத்துவார். அவருடைய பாடம் ஒன்றே ஒன்று. கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லவேண்டும். கேட்காததைச் சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு நீங்கள் ஆயத்தமாய் இருக்கமாட்டீர்கள் என்பார்.

என் கணவர் சரியான வாயாடி. வீட்டுக்கு எத்தனை கதவு என்று கேட்டால், கதவு செய்த தச்சனில் தொடங்கி அவனுடைய மச்சாள் யாரோடு ஓடினாள் என்பது வரை போவார். அந்த மனுசனை மூன்று கிழமை தன் மேசைக்கு முன்னால் இருத்திவைத்துப் பழக்கினார் அண்ணை. இவர் வழி விலகும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்கி, “அது கேக்கேல்லை” என்பார். மூன்றாம் கிழமை முடிவில் வீட்டிலும் அதே கதையாகிவிட்டது. சோறு போடவா என்றால் ஓம். கறி எப்படி என்றால் உறைப்பு. என் புருசனை நீங்கள் அரசாங்க அலுவலகம் ஆக்கிப்போட்டீர்கள் என்று அண்ணையிடம் சண்டைக்குப் போனேன். சிரித்தார் என்று நினைக்கிறேன், அவருக்குச் சிரிப்பு உதட்டைத் தாண்டாது. ஆனால் எங்களுக்கு வதிவிடப் பத்திரம் கிடைத்தது. இன்று நான் இந்த நாட்டில் நிமிர்ந்து நடக்கிறேன் என்றால், அவர் என் கணவரின் வாயைப் பூட்டியதால்தான்.

இந்தக் குணம் சில வேளை பகிடியாகவும் இருக்கும். என் மூத்தவனின் பிறந்தநாளுக்கு நூற்றைம்பது வடை சுட்டேன். அண்ணையிடம் முதல் வடையை நீட்டி, உளுந்து பதமாய் அரைபட்டிருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடி துடைத்து, கடித்து, நன்றாக அரைபட்டிருக்கிறது என்றார். சபைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வடையிலும் உப்பு இல்லை. உளுந்தைத்தானே கேட்டீர்கள் என்றார், குற்றமில்லாத முகத்தோடு. அன்றைக்கு அவரை எல்லாரும் கேலிசெய்து தீர்த்தார்கள்.

சில வேளை பகிடியாக இருக்காது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வருத்தம் முற்றியபோது ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போனவர் அவர்தான். புருசன்காரன் டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். மருந்து இருக்கிறதா? அண்ணை அதைப் பிரெஞ்சில் கேட்டார். டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னார். இருக்கிறது. அவன் சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்து எங்களுக்கெல்லாம் கேசரி தந்தான். நான்கு மாதத்தில் அவள் போய்விட்டாள். செத்த வீட்டில் அவன் அண்ணையின் சேர்ட்டைப் பிடித்து, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அழுதான். மருந்து சுகமாக்குமா என்று நீங்கள் கேட்கவில்லையே என்று அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சொன்னார். மெல்லிய குரலில் சொன்னார். பிறகு அந்த நான்கு மாதமும் அவன் சந்தோசமாய் இருந்தான் என்று வேறு சொன்னார். நான் அதைக் கேட்டு, இந்த ஆள் நல்லவரா இல்லையா என்று முதல் தடவையாக யோசித்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் சனம் கலியாணம் பேசவும் கொடுத்தது. அதில் ஆச்சரியமில்லை. மற்றத் தரகர்கள் மாப்பிள்ளையின் மொட்டைத் தலையை உயர்ந்த நெற்றி என்பார்கள். இவரிடம் மொட்டையா என்று கேட்டால் மொட்டை என்பார். கேட்காவிட்டால் சொல்லமாட்டார், ஆனால் கேட்டால் பொய் வராது. ஆகவே பெண் வீட்டார் தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போவார்கள். அவர் மற்றப் பக்கத்திலிருந்து அந்தத் தாளை நிரப்பிக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. பெண்ணோடு தனியாகப் பத்து நிமிடம் கதைக்கவேண்டும். அதைப் பெரிய கூத்தென்று சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இனி என் தங்கச்சியின் கதைக்கு வரவேண்டும்.

அவளைப் பத்தொன்பது வயதில் நான்தான் இங்கே கூப்பிட்டேன். எட்டு வருடம் என்னோடு இருந்தாள். நான் விடிய ஒரு கந்தோரும் பின்னேரம் ஒரு கந்தோரும் கூட்டித் துடைக்கப் போக, என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவள்தான். படிக்கப்போகிறேன் என்று இரண்டு தடவை கேட்டாள். சின்னவன் நடக்கட்டும் என்றேன், பிறகு சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும் என்றேன். அவளுக்குத் தனி அறை கிடையாது, ஹோலில் சோபாவில் படுப்பாள். இதெல்லாம் எங்கள் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில், அவளை ஒரு பெடியனோடு கண்டார்கள். பாண்டிச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பம், வேதக்காரர். கண்டவர்கள் மூன்று பேர், ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று பேரும் எனக்குப் போன் எடுத்தார்கள். லாச்சப்பலில் தபால் பிந்தும், இது பிந்தாது. அவள் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற கடை வாசலிலேயே, சனத்துக்கு முன்னால், கன்னத்தில் அறைந்தேன். அவள் கையிலிருந்த பையிலிருந்து கத்தரிக்காய் உருண்டு வீதிக்குப் போனது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒருவரும் உதவிக்குக் குனியவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் தெருவில் நடந்தால் சனத்தின் கதை நின்றுபோகும், அவள் கடந்த பிறகு தொடங்கும். நான் செய்தது அக்காவின் கடமை என்று ஆட்கள் மெச்சினார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மாப்பிள்ளை பார்க்கச்சொல்லி அண்ணையிடம் போனேன். அவர் வீட்டுக்கு வந்து, தன் நிபந்தனைப்படி தங்கச்சியைத் தனியாகக் கேட்கவேண்டும் என்றார். எங்கள் வீட்டில் தனி இடம் ஏது? இரண்டு பேரும் இறங்கிப்போய் முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் யன்னலால் பார்த்தேன். அவள்தான் கதைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்தில் அவள் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் கதைத்ததை நான் கண்டதில்லை. அவர் ஒரு தடவையும் விரல் தூக்கவில்லை. மேலே வந்ததும் என்ன கதைத்தாய் என்று கேட்டேன். படிப்பைப் பற்றி என்றாள்.

மூன்று மாதத்தில் அவர் ஒரு இடம் கொண்டுவந்தார். என் தாளில் ஒன்பது கேள்வி இருந்தது. எந்த ஊர், தகப்பன் என்ன செய்தவர், சாதகம் பொருந்துமா, பத்திரம் இருக்கா, குடி உண்டா, முந்தி ஒரு கலியாணம் நடந்ததா, இப்படி. எல்லாவற்றுக்கும் நல்ல மறுமொழி. சொந்தக் கடை, குடி இல்லை, அவளைவிடப் பத்து வயது கூட. கடைசிக் கேள்வி, மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்பது.

கண்ணாடியைத் துடைத்தார். வழமையைவிடக் கனநேரம் துடைத்தார். என் காதில் விழுந்தது இது: “இங்கிலாந்திலை. ஒரு சின்னப் பாரிஸ்.”

எங்கள் சனத்துக்கு இங்கிலாந்து என்று ஒரு நாடு கிடையாது. லண்டன்தான் உண்டு. கடல் தாண்டினால் லண்டன், அதில் எந்த மூலையில் இருந்தாலும் லண்டன். ஆகவே நான் விளங்கிக்கொண்டது, லண்டனில் ஒரு பகுதி, இங்கே லாச்சப்பலைச் சின்ன யாழ்ப்பாணம் என்கிறமாதிரி அங்கே அதைச் சின்னப் பாரிஸ் என்கிறார்களாக்கும். கடை கண்ணி, வெளிச்சம், நாகரிகம். பத்தாவது கேள்வி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தேத்தண்ணிக் கடையிலேயே எழும்பி நின்று பக்கத்து மேசைக்காரருக்குச் சொன்னேன். தங்கச்சிக்கு லண்டன் மாப்பிள்ளை, சின்னப் பாரிஸ் எண்ட இடம். அண்ணை என் பக்கத்தில்தான் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கலியாணம் இங்கே ஒரு மண்டபத்தில் நடந்தது. அறைந்த கையால் தாலிக்கொடியைத் தூக்கி எல்லாரிடமும் காட்டினேன். கலியாண எழுத்து முன்னமே முடிந்து அவளுக்கு விசாவும் வந்திருந்ததால், நாலைந்து நாளில் அவளை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை போய்விட்டார். என்னிடம் அப்போது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இல்லை, கூடப் போக முடியவில்லை.

லண்டனில், உண்மையான லண்டனில், என் சித்தப்பாவின் மகன் ஒருவன் இருக்கிறான். அவனிடம், ஒருக்காப் போய் அவளைப் பார்த்துவிட்டு வா என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போனவன் வழியில் நின்று போன் எடுத்தான். அக்கா, மூன்று மணித்தியாலம் ஓடிவிட்டேன், இது லண்டன் இல்லை, மாடும் வேலியும்தான், என்றான். பிறகு போய்ச் சேர்ந்து திரும்ப எடுத்தான். ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றிச் சவக்குழிகள், முப்பது வீடு இருக்கும், அவ்வளவும் வெள்ளைக் கிழவன் கிழவிகள். ஊருக்கு ஒரே கடை, அதுதான் மாப்பிள்ளையின் கடை. பஸ் கிழமையில் மூன்று நாள்தான். தமிழ்ச் சனம் மருந்துக்கும் இல்லை.

நான் தங்கச்சியிடம் கேட்டேன். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா என்றாள். அவள் அப்படித்தான் சொல்லுவாள், எட்டு வருடமும் அப்படித்தான் சொன்னாள். அதனால் நான் நம்பவில்லை. என் குஞ்சைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான் பாவி என்றுதான் பட்டது.

அன்றைக்கே தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். ஞாயிறு பின்னேரம், கடை நிறைய ஆட்கள். என்ன சொன்னேன் என்று எல்லாம் இங்கே எழுதமாட்டேன், எழுதக்கூடிய சொல்லும் இல்லை. பொய்யன் என்றேன். தரகுக்கு ஆசைப்பட்டு என் சகோதரத்தை மாட்டுப்பட்டியில் வித்தவன் என்றேன். அவர் எழும்பி நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையில் பிடித்தபடியே நின்றார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். “நீங்கள் கேட்டதுக்கு நான் சொன்னனான்” என்றார். அதைக் கேட்டதும், கீழ்வீட்டுப் பெண்ணின் புருசன், அவனும் அங்கேதான் இருந்தான், எழும்பிக் காறித் துப்பினான்.

அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு முடியவில்லை. கோயிலில் சொன்னேன், சாமத்தியச் சடங்கு வீட்டில் சொன்னேன், தலைமயிர் வெட்டுகிற இடத்தில் பிள்ளைகளுக்குக் காத்திருந்தபோதும் சொன்னேன். அந்த ஆள் பாதிதான் சொல்லும், கவனம். இரண்டு கலியாணப் பேச்சு அவரிடமிருந்து கைமாறியது. பிறகு ஒருவருக்கு அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட, அதுவும் இவர் பாதி சொன்னதால்தான் என்று கதை கிளம்பியது. அது நான் கிளப்பியதில்லை, ஆனால் நான் வெட்டிய வாய்க்காலில் ஓடிய தண்ணீர்தான். ஒரு வருடத்துக்குள் கடைசி மேசையில் வேறு யாரோ இருந்து பேப்பர் வாசித்தார்கள். அவர் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டுகிற வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். நல்லாய் வேணும் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது.

கடவுச்சீட்டு கிடைக்க ஆறு வருடம் பிடித்தது. கிடைத்த கோடையில் தங்கச்சியிடம் போனேன். கடலுக்குக் கீழால் லண்டன், அங்கிருந்து இன்னொரு ரயில் இரண்டு மணித்தியாலம், ஒரு சின்ன ஸ்ரேசனில் மாப்பிள்ளை வானோடு வந்து நின்றார். இரண்டு பக்கமும் ஆளுயரப் பற்றைவேலி, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை. நான் வழி முழுக்க அழுதேன். மாப்பிள்ளை பாவம், வானொலியைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் தடுமாறினார்.

தங்கச்சி கடைக்குள் நின்றாள். பாண், பேப்பர், தபால் முத்திரை, நாய்ச் சாப்பாடு. ஒரு கிழவி தன் நாயைப் பற்றி ஏதோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவளுடைய பல் முழுவதும் தெரிந்தது. நான் வாசலில் நின்றுகொண்டே, இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்று யோசித்தேன். எட்டு வருடம் என் வீட்டில் ஒரு நாளும் அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவள் தேவாலயத்துக்குப் பூ வைக்கப் போனாள். சைவப் பிள்ளை, நெற்றியில் திருநீறோடுதான் போனாள். ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டின் முறையாம், இந்தக் கிழமை அவளுடையது. பாதிரியார்கூட ஆறு ஊருக்கு ஒருவராம், மூன்று ஞாயிறுக்கு ஒரு தடவைதான் வருவாராம். நானும் பின்னால் போனேன். வாசலில் ஒரு அறிவித்தல் பலகை. ஆங்கிலம் எனக்கு வராது, ஆனால் எழுத்து தெரியும். மேலே ஊரின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் பாரிஸ் என்று எழுதி, கடைசியில் ஒரு ஹெச் போட்டிருந்தது. பிரெஞ்சில் அந்த எழுத்துக்குச் சத்தம் இல்லை. நான் பாரிஸ் என்றே வாசித்து, இஞ்சையும் என்ன பாரிஸ் என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு திருத்தினாள். பாரிஸ் இல்லை அக்கா, பாரிஷ். ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த நாலு வீடும் சேர்ந்தால் பாரிஷ், எங்கள் பக்கத்து வேதக்காரர் பங்கு என்று சொல்லுவார்களே, அதுதான். இது சரியான சின்னப் பாரிஷ் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் அப்படியே அந்தக் கல்படியில் இருந்துவிட்டேன். அண்ணை கேட்டதற்குச் சரியாகச் சொல்லியிருக்கிறார், எழுத்துப் பிசகாமல். ஆனாலும் மனம் விடவில்லை. சரி, சொன்னார், ஆனால் நான் பிழையாக விளங்கினேன் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாரே, அது கள்ளத்தனம் இல்லையா என்று தொடங்கி, உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கத்தக்கதாக அவரைத் திட்டினேன். அவள் கையிலிருந்த பூக்களைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“அவரை ஏசாதேங்கோ அக்கா. நான் கேட்டுத்தான் அவர் தேடினவர்.”

“என்னத்தைக் கேட்டனீ?”

“தமிழ்ச் சனம் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாருங்கோ எண்டு கேட்டனான். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ எண்டும் கேட்டனான். அவர் இந்த இடத்தின்ரை படமெல்லாம் கொண்டுவந்து காட்டினவர். பஸ் கிழமையிலை மூண்டு நாள்தான் எண்டதையும் சொன்னவர். நான்தான் ஓம் எண்டனான்.”

ஒருவரும் என்றால் நானுமா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டுவாள், இல்லை அக்கா என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

“உங்களோடை சேர்த்துத்தான்” என்றாள். கோபமில்லை. கடையில் கிழவிக்கு முத்திரையின் விலை சொல்வதைப்போல் சொன்னாள். பிறகு உள்ளே போய் மிச்சப் பூவையும் வைத்தாள்.

பாரிஸுக்குத் திரும்பி மூன்று கிழமை அண்ணையின் பக்கம் போகவில்லை. நாலாவது கிழமை அந்தப் பலசரக்குக் கடையின் பின்வாசலுக்குப் போனேன். பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் பிளாஸ்டர். என்னைக் கண்டதும் முதல் கேட்டது தங்கச்சி சுகமா என்று. சுகம் என்றேன். அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், என்னவெல்லாமோ சொன்னேன். அவர் இடையில் மறிக்காமல் முழுவதும் கேட்டார்.

“நீங்கள் சின்னப் பாரிஸ் எண்டு ஆக்களுக்குச் சொல்லேக்கை நான் பக்கத்திலை இருந்தனான். திருத்தியிருக்கலாம். திருத்தேல்லை. அது என்ரை பிழை” என்றார். அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டதற்கு மேலால் ஒன்று சொல்ல வேண்டியிருந்ததாம், சொல்லாமல் விட்டதும் அதே தடவைதானாம். கீழ்வீட்டுப் பெண்ணை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு, “நான் ஒண்டு கேக்கலாமோ?” என்றார். அவரை அறிந்த இவ்வளவு காலத்தில் தனக்கென்று அவர் ஒருவரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“நீங்கள் என்னைப் பொய்யன் எண்டது ஆக்களுக்கு முன்னாலை. அதே இடத்திலை, ஆக்களுக்கு முன்னாலை, நான் பொய் சொல்லேல்லை எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. தங்கச்சியின்ரை கதை வேண்டாம். அது மட்டும் காணும்.”

ஓம் அண்ணை, வாற ஞாயிறே சொல்லுறன் என்றேன்.

ஞாயிறு பின்னேரம் நான் போனபோது அவர் வந்திருந்தார். கடைசி மேசையில் இல்லை, சுவரோரம் ஒரு சின்ன மேசையில். சேர்ட் மடிப்புக் கலையாமல் இருந்தது. பழைய முகங்கள் எல்லாம் இருந்தன. நான் இருந்தேன், தேத்தண்ணி வந்தது. எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, மரக்கறிக் கடைக்காரரின் மனைவி, லண்டனுக்குப் போனீர்களாமே, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சந்தோசமாய் இருக்கிறாள் என்றேன். அந்தக் காட்டிலா என்றாள். அண்ணை என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று நான் சொன்னால், அப்போ தெரிந்தா அனுப்பினீர்கள் என்பாள். எனக்குத் தெரியாது, தங்கச்சிக்குத் தெரியும் என்றால், அவள் ஏன் அங்கே போகக் கேட்டாள் என்பாள். அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற மறுமொழி நான். இந்த மரக்கறிக் கடைக்காரியின் வாசலில்தான் அந்தக் கத்தரிக்காய்கள் உருண்டன.

ஓம், என்ன செய்யிறது, அவளின் தலைவிதி என்றேன். சுற்றி இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். யாரோ சுவரோரம் பார்த்து முனகினார்கள். நான் அடுத்த மாதக் கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன், விடாமல் கதைத்தேன், என் கணவரே தோற்றுப்போவார் அப்படிக் கதைத்தேன். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. அரை மணித்தியாலம் இருந்தார். பிறகு எழும்பி, கதிரையை மேசைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போனார்.

கொஞ்சக் காலத்தில் அண்ணை ஆர்ஜொந்தெய்யில் இருக்கிற தன் மகளிடம் போய்விட்டார் என்றார்கள். சன்லசார் ஸ்ரேசனில் ரயில் ஏறினால் கால் மணித்தியாலம் ஆகாது. நான் ஏறவில்லை.

இந்த வருடம் எங்கள் பகுதிச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, மறக்க முடியாத ஒரு மனிதரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்தத் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற எல்லாரும் வாசிக்கிற மலர். இதை எழுதத் தொடங்கியபோது முதல் வரியில் அவருடைய பெயர் இருந்தது. தங்கச்சியின் மானம் போய்விடுமே என்று அதை வெட்டினேன். வெட்டிய பிறகு மனம் கேட்காமல் அவளுக்குப் போன் எடுத்தேன். அவள் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அவரின் பெயரைப் போடுங்கள் அக்கா, வேண்டுமென்றால் என்னுடைய பெயரையும் போடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை என்றாள். ஆக, அவளுக்காக மறைக்கிறேன் என்று இனிச் சொல்ல முடியாது.

பெயர் எதுவும் போடாமல்தான் அனுப்புகிறேன். அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.